தேவ அழைப்புக்குத் தாழ்மையோடு காது கொடுப்பது எப்படி?

“அழைப்பெல்லாம் பெரிய ஆட்களுக்கு. நான் சும்மா கோவிலுக்கு வந்து போகிறவள்.” வாலிபர் கூட்டமானாலும் சரி, பெண்கள் ஐக்கியமானாலும் சரி, இந்தப் பேச்சைக் கேட்காத சபை இருக்காது. சொல்கிறவர் தையல் மெஷினை வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவராக இருக்கலாம். நைட் டூட்டி பார்க்கும் நர்ஸாகவோ மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவராகவோ இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்காகவும், விசுவாசத்துக்குப் புதிதாக வந்து, ‘இனி என்ன?’ என்று நிற்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தாழ்மையுள்ளவர்களைத் தேவன் எடுத்துப் பயன்படுத்துவார் என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். சரி, திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆரம்பிக்கிறவர் ஒருவர் என்னென்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன். அழைப்பு என்றதும் அங்கி போட்ட குருவானவரை மட்டும் நினைக்க வேண்டாம். ஞாயிறு பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது முதல், இருக்கிற வேலையிலேயே நேர்மையாக நிலைத்திருப்பது வரை எல்லாம் இதில் அடங்கும்.

முதலில் உங்கள் சாக்குகளை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுங்கள். ‘தேவன் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் நான் என்ன சாக்குச் சொல்வேன்?’ என்று உங்களையே கேட்டு, வருகிறதை அப்படியே எழுதுங்கள். படிப்பு இல்லை, நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், வீட்டில் விடமாட்டார்கள், கடன் இருக்கிறது, பழைய வாழ்க்கை சரியில்லை. எதுவானாலும் எழுதுங்கள். யாருக்கும் காட்டப்போவதில்லை.

எழுதி முடித்ததும் யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். மோசே தன் மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டு ஓரேப் பக்கம் வந்திருக்கிறார். முட்செடி எரிகிறது, ஆனால் வெந்துபோகவில்லை. எகிப்துக்குப் போய், அங்கே அடிமைகளாக இருக்கிற இஸ்ரவேல் ஜனங்களை அழைத்துவா என்று தேவன் சொல்கிறார். மோசே ஐந்து தடவை பின்வாங்குகிறார்.

முதல் தடவை, “நான் எம்மாத்திரம்” என்கிறார். தேவன் கொடுத்த பதிலைக் கவனியுங்கள். ‘நீ அரண்மனையில் வளர்ந்தவன், பார்வோனின் வீட்டுப் பழக்கவழக்கம் எல்லாம் உனக்குத் தெரியும், உன்னைவிட்டால் யார்?’ என்று அவரைத் தேற்றியிருக்கலாம். அத்தனையும் உண்மைதான். தேவன் அதில் ஒன்றையும் சொல்லவில்லை. “நான் உன்னோடே இருப்பேன்” என்றுதான் சொன்னார். மோசே தன்னைப் பற்றிக் கேட்டார்; தேவன் தம்மைப் பற்றிப் பதில் சொன்னார். இந்த இடத்தில் வாசிப்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். நம்முடைய தகுதியைப் பற்றி நாம் கேட்கிற கேள்விகள் பலவற்றுக்கும் வேதத்தில் இதே மாதிரியான பதில்தான் கிடைக்கிறது.

அப்புறம் மோசே, உம்முடைய பெயர் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன் என்கிறார். அவர்கள் என்னை நம்பமாட்டார்கள் என்கிறார். நான் திக்குவாய், பேசத் தெரியாதவன் என்கிறார். ஒவ்வொன்றுக்கும் தேவன் பொறுமையாக வழி சொல்கிறார். தம்முடைய பெயரைச் சொல்கிறார். மோசேயின் கையில் இருந்த கோலையே அடையாளமாக்குகிறார். மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்கிறார். ஐந்தாவது தடவை மோசே, வேறு யாரையாவது அனுப்பும் என்று சொல்லிவிடுகிறார். அங்கேதான் கர்த்தருக்குக் கோபம் மூண்டது என்று 4:14 சொல்கிறது. பயந்ததற்காகவோ கேள்வி கேட்டதற்காகவோ அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தியதற்குத்தான் கோபம். அந்தக் கோபத்திலும் அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்து அனுப்பினார்.

இப்போது உங்கள் நோட்டுக்கு வாருங்கள். எழுதியதில் எது கேள்வி, எது பயம், எது கதவைச் சாத்துவது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கேள்வியும் பயமும் இருந்தால் பரவாயில்லை, அவற்றை ஜெபத்தில் சொல்லலாம். ‘வேறு ஆளைப் பாரும்’ என்று எழுதியிருக்கிற வரிகளைத்தான் கவனிக்கவேண்டும். கேட்கிறவர்களுக்கு அது தாழ்மை மாதிரித் தெரியும். ‘எவ்வளவு பணிவான பிள்ளை’ என்று பாராட்டவும் செய்வார்கள். ஆனால் கீழ்ப்படியாமையும் அதே குரலில் பேசும்.

இதற்கு என்னை அதிகம் யோசிக்க வைக்கிறவர் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல். சாமுவேல் தீர்க்கதரிசி முதலில் பேசியபோது, நான் சிறிய கோத்திரத்தான் என்று கூச்சப்பட்டவர் அவர். ராஜாவாகச் சீட்டு விழுந்த அன்று ஆளைக் காணோம். தேடிப் பார்த்தால் தளவாடங்களுக்குள் ஒளிந்திருக்கிறார் (1 சாமுவேல் 10). பின்னாளில் பெண்கள் தாவீதைக் கூடுதலாகப் புகழ்ந்து பாடியதைத் தாங்க முடியாமல் ஈட்டியை எறிந்தவரும் அவரேதான். ஒளிந்தபோதும் ஈட்டி எறிந்தபோதும் அவர் கண் அவர்மேலேயே இருந்தது. ‘நான் பெரியவன்’ என்பதும் ‘நான் ஒன்றுமில்லை’ என்பதும் நான், நான் என்ற ஒரே பேச்சுதான். தாழ்மை அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு, கூப்பிடுகிறவரையும், யாருக்காகக் கூப்பிடுகிறாரோ அவர்களையும் பார்க்கத் தொடங்குகிறது. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டுவிடாதீர்கள்

உற்சாகத்தில் பலர் தடுமாறுகிற இடம் இது. ஒரு எழுப்புதல் கூட்டத்துக்குப் போய் வந்ததும் ராஜினாமா கடிதம் எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வேதத்தில் அழைக்கப்பட்டவர்களைப் பாருங்கள். கிதியோன் மீதியானியருக்குப் பயந்து ஆலையில் மறைவாகக் கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தார். தாவீது ஆட்டு மந்தையோடு இருந்தார். ஆமோஸ் மந்தை மேய்த்து, காட்டத்திப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். பேதுரு ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல் வலையை அலசிக்கொண்டிருந்தார். அழைப்பு அவர்களைத் தேடி வந்தபோது அவரவர் தங்கள் அன்றாட வேலையில்தான் இருந்தார்கள். பவுல் ஊழியத்துக்கு வந்த பிறகும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தார்.

அதனால் முதல் மாதங்களில் செய்யவேண்டியது, இருக்கிற வேலையை ஒழுங்காகச் செய்வது. தாமதமாகப் போகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். வாங்கிய கடனுக்குத் தவணையைக் கட்டுங்கள். வீட்டில் வயதான மாமியாரோ அப்பாவோ இருந்தால் அவர்கள் சாப்பிட்டார்களா, மாத்திரை போட்டார்களா என்று பாருங்கள். ஊழியம் என்ற பெயரில் வீட்டைக் கைவிடுவதை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7இல் இருக்கிறது. பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களிடம் அவர் பேசியது அது.

பத்து நிமிஷ ஜெபம்

காலையில் பத்து நிமிஷம் போதும். ஃபோனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சங்கீதம் 131ஐ வாசியுங்கள். மூன்றே வசனங்கள்தான். இருதயம் இறுமாப்புள்ளதல்ல, எனக்கு மிஞ்சின காரியங்களில் தலையிடுவதில்லை என்று சொல்லி, தாயின் மடியில் பால் மறந்த குழந்தை மாதிரி அமர்ந்திருப்பதைப் பற்றிய பாட்டு அது. அதை வாசித்த பிறகு, சிறுவன் சாமுவேல் சொன்னதையே நீங்களும் சொல்லுங்கள்: “சொல்லும்; அடியேன் கேட்கிறேன்.” பிறகு பேசாமல் இருங்கள். நமக்கு இதுதான் கஷ்டம். நம் ஜெபமெல்லாம் விண்ணப்பப் பட்டியலாகவே பழகிவிட்டது.

என்ன கேட்கும்? பெரும்பாலும் சத்தம் ஒன்றும் கேட்காது. அதற்காகப் பயப்படவோ, கேட்டதாகக் காட்டிக்கொள்ளவோ வேண்டாம். வழக்கமாக ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். பேச்சுவார்த்தை நின்றுபோன தங்கச்சி, போன மாதம் எரிந்து விழுந்த பக்கத்து வீட்டு அக்கா, திருப்பித் தராத ஐந்நூறு ரூபாய். அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு ‘ஆண்டவரே, என் அழைப்பைக் காட்டும்’ என்று தொடராதீர்கள். உன்மேல் சகோதரனுக்குக் குறை இருக்கிறது என்று ஞாபகம் வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மலைப் பிரசங்கத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் கிடைக்கிற அழைப்பு பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். மன்னிப்புக் கேட்கப் போகாதவர் அடுத்த அழைப்பை எப்படிக் கேட்பார்?

மன்னிப்புக் கேட்கும்போது ‘நான் அப்படிப் பேசினது தப்பு’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ‘ஆனா நீயும்தான்’ என்று தொடங்கினால் போன காரியம் கெட்டுவிடும்.

யாரும் பார்க்காத ஒரு வேலை

யோவான் 13இல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். அதற்கு முன்னால் வருகிற வசனத்தை அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் கொடுத்தார் என்றும், தாம் தேவனிடத்திலிருந்து வந்து தேவனிடத்துக்கே போகிறார் என்றும் அறிந்து எழுந்தார் என்று இருக்கிறது. தாம் யார் என்று நன்றாகத் தெரிந்தவர் துண்டை இடுப்பில் கட்டினார். தன்னைக் கேவலமாக நினைத்துக்கொண்டு செய்த வேலை அல்ல அது. நீங்களும் தேவனுடைய பிள்ளை என்ற நிச்சயத்தோடு குனிந்து செய்கிற ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சபைகளில் அசனம், அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்து, நடக்கும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். கறி வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நடக்க இளவட்டங்களுக்குள் போட்டி. ‘தம்பி, இங்க கொஞ்சம்’ என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, தப்பில்லை. கோவிலுக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே நாலைந்து பேர், அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்து, அடிப்பிடித்த சோற்றைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். முழங்கை வரை கரி. ஒரு அண்டா முடிந்து நிமிர்ந்தால் அடுத்ததை உருட்டிக்கொண்டு வருவார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வேனில் ஏறும்போதுதான் இவர்களுக்கு இலை விழும், அப்போது கறி தீர்ந்து வெறும் குழம்புதான் மிச்சம் இருக்கும். ஒருவர்கூட முணுமுணுத்து நான் பார்த்ததில்லை. சபை எதனால் நிற்கிறது என்று கேட்டால் நான் அந்த அண்டாப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

உங்கள் சபையில் அசனம் இல்லாவிட்டால் வேறு வேலை இருக்கும். ஆராதனைக்கு முன்னால் பாய் விரிப்பது, கழிவறையைக் கழுவுவது, படுத்த படுக்கையாய் இருக்கிற ஒரு பாட்டிக்கு வாரம் ஒருமுறை வேதம் வாசித்துக் காட்டுவது. ஒன்றை எடுத்துக்கொண்டு சில மாதம் விடாமல் செய்யுங்கள். ஃபோட்டோ எடுக்கவேண்டாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவேண்டாம். ஒருநாள் அந்த வேலைக்கான நன்றியை மேடையில் வேறொருவருக்குச் சொல்வார்கள். அன்றைக்கு உள்ளே என்ன எழும்புகிறது என்று பாருங்கள். எரிச்சல் வந்தால் ஆச்சரியமில்லை. அதை மறைக்காமல் மறுநாள் ஜெபத்தில் சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

இந்த வேலைக்குள்ளேயே அழைப்பு தெரியவரும் என்பது என் உறுதியான நம்பிக்கை. பாட்டிக்கு வாசிக்கப் போனவர், அந்தத் தெருவில் இன்னும் எத்தனை பேர் தனியாகக் கிடக்கிறார்கள் என்று பார்ப்பார். பார்த்த பிறகு சும்மா இருக்க முடியாது.

இரண்டு பேரிடம் கேளுங்கள்

சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்டபோது, அது யார் குரல் என்றே அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. மூன்று தடவை ஆசாரியரான ஏலியிடம் ஓடினான். கர்த்தர்தான் கூப்பிடுகிறார் என்று கண் மங்கிப்போன அந்தக் கிழவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். ஏலியின் குடும்பம் அவ்வளவு நல்ல நிலையில் இல்லை, ஆனாலும் சாமுவேலுக்கு அவர் தேவைப்பட்டார். புதிதாக வந்தவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். உங்கள் அழைப்பைத் தனியாக உட்கார்ந்து முடிவுசெய்யாதீர்கள்.

இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் சபையில் மூத்தவர், உபதேசியாரோ, குருவானவரோ, நிதானமான ஒரு அம்மாவோ. இன்னொருவர் வீட்டில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தவர். உங்களைப் புகழ்ந்துகொண்டே இருக்கிற நண்பர் இதற்கு உதவமாட்டார். கேட்கவேண்டிய கேள்விகள் இவை: நான் எதைச் செய்யும்போது மற்றவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கிறது? எங்கே என்னைக் காட்டிக்கொள்கிறேன்? இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். விளக்கம் சொல்லாதீர்கள். ‘சரிங்கய்யா’ என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதிவைங்கள்.

அப்பொல்லோ வேத வாக்கியங்களில் வல்லவர், நன்றாகப் பேசுகிறவர். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற கூடாரத் தொழில் செய்கிற கணவனும் மனைவியும் அவரைச் சேர்த்துக்கொண்டு, அவர் அரைகுறையாகத் தெரிந்துவைத்திருந்ததைத் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தார்கள் (அப்போஸ்தலர் 18). அவர் கேட்டுக்கொண்டார். பிறகுதான் அவர் போன இடத்தில் விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாக இருந்தார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்களை முன்பின் தெரியாத ஒருவர் தலையில் கைவைத்து, ‘நீ பெரிய ஊழியம் செய்வாய், வேலையை விடு’ என்று சொன்னால் உடனே கீழ்ப்படியாதீர்கள். கூடவே காணிக்கையும் கேட்டால் இன்னும் ஜாக்கிரதை. அந்தியோகியா சபை பர்னபாவையும் சவுலையும் (பின்னால் பவுல் என்று அழைக்கப்பட்டவர்) அனுப்பியபோது, இருவரும் ஏற்கெனவே அங்கே போதித்துக்கொண்டிருந்தவர்கள். சபையாருக்கு அவர்களைத் தெரியும். உபவாசித்து, ஜெபித்து, சேர்ந்து கைவைத்து அனுப்பினார்கள். உண்மையான அழைப்பு விசாரணைக்குப் பயப்படாது.

பாரம் நிற்கிறதா?

உணர்ச்சி வரும், போகும். பாரம் போகாது. ஒரு குறிப்பிட்ட ஜனத்தையோ, ஒரு குறிப்பிட்ட குறையையோ நினைத்து மனது திரும்பத் திரும்ப அங்கேயே போகிறதா என்று பல மாதங்கள் கவனியுங்கள்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையில் இதைப் பார்க்கலாம். 1874இல் வெள்ளாளன்விளை என்ற ஊரில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணம் போனபோது அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து மிஷனெரிகளை அனுப்புவதைக் கண்டார். ஊருக்குத் திரும்பி, நண்பர்களோடு சேர்ந்து 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். வெளிநாட்டுப் பணம் இல்லாமல், நம் ஆட்கள், நம் காணிக்கை. தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல் என்ற இடத்தைப் பணித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். அசரியா எல்லா இடத்திலும் வாலிபர்களைப் பார்த்து, போங்கள், போங்கள் என்று பேசினார்.

மற்றவர்களை அனுப்புகிற நான் ஏன் போகக்கூடாது என்ற கேள்வி அவரை விடவில்லை. நாடு முழுக்கப் பெயர் தெரிந்த செயலாளர் பதவியை விட்டுவிட்டு, 1909இல் குருப்பட்டம் பெற்று, தான் தொடங்கிய சங்கத்தின் ஒரு சாதாரண மிஷனெரியாகத் தோர்ணக்கல்லுக்கே போனார். நன்றாகப் பேசத் தெரிந்தவர், முப்பத்தைந்து வயதில் புது ஊரில் தெலுங்கு கற்றுக்கொண்டார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்துக் கூலிக்காரர்கள். அவர்கள் தங்கள் தலையில் தாங்களே கைவைத்து, சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று சொல்லும்படி அவர் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அழைப்பு உண்டு என்பதை ஞானஸ்நானம் பெற்ற அன்றைக்கே அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு பயிற்சி. மற்றவர்கள் செய்யவேண்டும் என்று நீங்கள் அடிக்கடி சொல்கிற காரியம் என்ன? ‘சபை இதைச் செய்யமாட்டேன் என்கிறதே’, ‘யாராவது அந்தப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் என்ன’ என்று எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்? அதையும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் அழைப்பு அந்த வரிக்குப் பக்கத்தில்தான் எங்கேயாவது இருக்கும்.

பாரம் நிற்கிறது என்றால் சின்னதாகச் செய்து பாருங்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் டியூஷன். லீவில் ஒரு வாரம் பணித்தளத்தைப் போய்ப் பார்ப்பது. கல்யாணமானவர் என்றால் துணைவர் சம்மதம் இல்லாமல் அடுத்த அடி வேண்டாம். அவரை ஜெபத்தால் மடக்கப் பார்க்காமல், உட்கார்ந்து பேசி, அவர் பயத்தையும் கேளுங்கள். அவர் கேட்கிற ‘பிள்ளைகளுக்குப் பீஸ் யார் கட்டுவார்?’ என்ற கேள்வியும் தேவனிடமிருந்து வரலாம்.

தாழ்மை என்ற பெயரில் மிதிபடாதீர்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதகமாகிவிடும். நம் சபைகளில் தாழ்மையைப் பற்றிய பிரசங்கம் பெரும்பாலும் ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர்களைப் பார்த்துத்தான் செய்யப்படுகிறது. மருமகளுக்கு, கூலி வேலை செய்கிறவருக்கு, சாதியில் கீழே என்று ஊர் ஒதுக்கிவைத்தவருக்கு. சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் வைத்துக் கட்டிய கோவில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்திலேயே இருந்தது. பணக்காரனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, ஏழையைப் பார்த்து ‘நீ அங்கே நில்லு’ என்பதை யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பாவம் என்றே சொல்லிவிட்டார்.

ஆகவே யாராவது உங்களை அடிக்கிறார் என்றாலோ, கூலி கொடுக்காமல் வேலை வாங்குகிறார் என்றாலோ, உங்கள் பிறப்பைச் சொல்லி ஒதுக்குகிறார் என்றாலோ, அதைச் சகித்துக்கொள்வதுதான் தாழ்மை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உதவி கேளுங்கள், வெளியே சொல்லுங்கள். மோசே பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் சாந்தகுணமுள்ளவர் என்று எண்ணாகமம் 12 சொல்கிறது. அந்த மோசேதான் பார்வோன் முன்னால் நின்று, என் ஜனங்களைப் போகவிடு என்றார். அசரியாவும் 1910இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனெரித் தலைவர்கள் நிறைந்த சபையில் எழுந்து, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ கொடுத்தீர்கள், நட்பைக் கொடுக்கவில்லை என்ற பொருளில் நேராகப் பேசினார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் பேசினது தாழ்மைக்கு விரோதமில்லை. தன்னைப் பற்றிய கவலை இல்லாதவரால்தான் அப்படிப் பேச முடியும்.

பிரசங்கம் செய்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாழ்மையைப் பற்றிப் பேசும்போது முன் பெஞ்சைப் பார்த்துப் பேசுங்கள்.

‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால்

எல்லாம் செய்து, ஊழியத்துக்கு விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்கும் போய், தேர்வுக்குழு உங்களை மறுத்துவிடலாம். இது நடக்கும். அப்போது இரண்டு சோதனைகள் வரும். ‘அவர்களுக்கு ஆவியில்லை’ என்று சபையைவிட்டே போய்விடுவது ஒன்று. ‘பார்த்தியா, நான் ஒன்றுக்கும் ஆகமாட்டேன்’ என்று சுருண்டுவிடுவது இன்னொன்று. சவுல் ராஜாவை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

கிளாடிஸ் எயில்வார்டு லண்டனில் பணக்காரர் வீட்டில் வேலைக்காரப் பெண்ணாக இருந்தவர். 1902இல் பிறந்தவர். சீனாவுக்குப் போகவேண்டும் என்று பாரம். சீன உள்நாட்டு மிஷன் அவரைப் பயிற்சிக்குச் சேர்த்துப் பார்த்துவிட்டு, இவரால் படிக்கவும் சீன மொழியைக் கற்கவும் முடியாது என்று அனுப்பிவிட்டது. அவர் அவர்களைத் திட்டிக்கொண்டு திரியவில்லை. திரும்பவும் வீட்டு வேலைக்குப் போய், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கப்பலைவிட மலிவான சைபீரிய ரயில் பாதைக்கு டிக்கெட் எடுத்தார். சீனாவின் ஷான்ஸி மாகாணத்தில் யாங்செங் என்ற மலையூரில், ஜீனி லாசன் என்ற வயதான மிஷனெரியம்மாவோடு சேர்ந்து கோவேறு கழுதைக்காரர்களுக்கு ஒரு சத்திரம் நடத்தினார். தங்க வருகிறவர்களுக்குச் சோறு, கழுதைகளுக்குத் தீனி, ராத்திரி ஒரு வேதக் கதை. கற்கமுடியாது என்று சொன்ன மொழியை அந்தச் சத்திரத்தில், அந்த ஆட்களிடமே கற்றுக்கொண்டார். பிற்பாடு ஜப்பானியப் படையெடுப்பின்போது ஏறக்குறைய நூறு பிள்ளைகளை மலைகள் வழியாக நடத்திப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சீனாவில் அவர் முதலில் செய்தது லண்டனில் செய்த அதே வேலைதான் என்பதைக் கவனியுங்கள். சமைப்பது, பெருக்குவது, வந்தவர்களைக் கவனிப்பது. தேவன் அவருக்குத் தெரிந்த வேலையிலிருந்தே தொடங்கினார்.

மறுப்பு வந்தால் ஒரு வாரம் கழித்துப் போய், என்ன காரணம் என்று மரியாதையாகக் கேளுங்கள். சொன்னதை நோட்டில் எழுதுங்கள். படிப்பு போதாது என்றால் அஞ்சல் வழியிலோ மாலை வகுப்பிலோ வேதப் பாடம் படிக்க வழி இருக்கிறதா என்று உங்கள் குருவானவரிடமே விசாரியுங்கள். கோபம் அதிகம் என்று சொன்னால், வீட்டில் இருப்பவரிடம் அது உண்மையா என்று கேளுங்கள். வயதோ உடல்நிலையோ காரணம் என்றால் அதே பாரத்துக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று தேடுங்கள். பணித்தளத்துக்குப் போக முடியாதவர் அங்கே இருக்கிற ஒரு குடும்பத்தின் பிள்ளையைப் படிக்கவைக்கலாம். அடுத்த வருஷம் மறுபடியும் விண்ணப்பிப்பதா என்று அந்த இரண்டு பேரிடமும் திரும்பக் கேளுங்கள். இதற்கெல்லாம் நடுவில் ஞாயிறு பள்ளி வகுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் வசனப் போட்டிக்கு அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.